டர்ன்டேபிள் மேட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இசைத்தட்டுப் பிரியர்கள் டர்ன்டேபிளில் முதலில் மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் இசைத்தட்டுக்கு அடியில் விரிக்கும் மேட்டைத்தான். விலை அதிகமில்லை, ஒரு திருகையும் கழற்ற வேண்டியதில்லை. மாற்றியவர்களில் சிலர் ஒலியே புதிதாகிவிட்டது என்கிறார்கள். சிலரோ எல்லாம் வெறும் பிரமை என்கிறார்கள். இரண்டுமே மிகை.

நம்பிக்கை 1: இசைத்தட்டில் கீறல் விழாமல் காப்பது மட்டுமே மேட்டின் வேலை.

உண்மை: பள்ளத்தில் ஓடும் ஊசி இசைத்தட்டையும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு வினைல் வழியே கீழே இறங்குகிறது. மேட் அதை உள்வாங்கினால் அடங்கும், இல்லாவிட்டால் ஒரு பகுதி ஊசிக்கே திரும்பி வரும். இசைத்தட்டைச் சுமந்து சுழலும் பிளாட்டர், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் உலோகமாக இருந்தால் இந்தத் தொல்லை கூடுதல். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் அலுமினிய பிளாட்டருக்கு அடியில் ரப்பர் பூச்சு, மேலே கனத்த ரப்பர் மேட் என இரண்டையும் வைத்தது இதற்காகத்தான்.

நம்பிக்கை 2: விலை உயர்ந்த மேட் எந்த டர்ன்டேபிளுக்கும் நல்லது.

உண்மை: பொருத்தம்தான் முக்கியம், விலை அல்ல. ரேகா பிளானர் 3 டர்ன்டேபிளின் கண்ணாடி பிளாட்டர் ஃபெல்ட் மேட்டோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. அக்ரிலிக்கின் தன்மை வினைலுக்கு நெருக்கமானது. அதனால் அக்ரிலிக் பிளாட்டரில் மேட் இல்லாமல் இசைத்தட்டை நேரடியாக வைக்கவே பல நிறுவனங்கள் சொல்கின்றன. எஃகு பிளாட்டர் என்றால் கதை வேறு. ஊசியைத் தாங்கும் மூவிங் காயில் வகை கார்ட்ரிட்ஜின் காந்தம் எஃகை நோக்கி இழுக்கப்பட்டு, ஊசியின் அழுத்தம் கூடிவிடும். அங்கே தடித்த மேட் உண்மையிலேயே உதவும்.

நம்பிக்கை 3: மேட்டை மாற்றியதும் கேட்கும் வித்தியாசம் முழுவதும் அதன் மூலப்பொருளால் வந்தது.

உண்மை: பலரும் கவனிக்கத் தவறுவது தடிமனை. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் வழக்கமான 9 அங்குலமாக இருந்தால், இசைத்தட்டு 1 மி.மீ. உயர்ந்தால் ஊசியின் கோணம் ஏறக்குறைய கால் டிகிரி மாறும். 3 மி.மீ. கார்க் மேட்டை எடுத்துவிட்டு மெல்லிய தோல் மேட் போட்டவர், கார்க்கையும் தோலையும் மட்டும் ஒப்பிடவில்லை, இரண்டு கோணங்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறார். லைன் கான்டாக்ட் போன்ற நுண்ணிய ஊசி முனைகள் இந்தக் கோண மாற்றத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படும்.

நம்பிக்கை 4: டிஜேக்கள் பயன்படுத்தும் ஸ்லிப்மேட் வீட்டுக்கும் சிறந்தது.

உண்மை: 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஃபெல்ட்டுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி இதை உருவாக்கினார். பிளாட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போதே இசைத்தட்டைக் கையால் நிறுத்தவும் பின்னோக்கி இழுக்கவும் அது வழுக்க வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான பிடிப்பு.

நம்பிக்கை 5: நல்ல மேட் போட்டால் சடசடப்பு நின்றுவிடும்.

உண்மை: நிலைமின்சாரத்தால் இசைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும் ஃபெல்ட்டுக்குப் பதிலாகக் கார்க் அல்லது தோல் போட்டால் அந்தத் தொல்லையும் நிலைமின்சாரத்தால் வரும் சடசடப்பும் குறையும். பள்ளத்தில் தங்கிய தூசிக்கும் பழைய கீறலுக்கும் எந்த மேட்டாலும் தீர்வு கிடையாது.

மேட்டை மாற்றுவதற்கு முன் இசைத்தட்டையும் ஊசியையும் சுத்தம் செய்யுங்கள். மாற்றிய பின் டோன்ஆர்மின் உயரத்தையும் ஊசியின் அழுத்தத்தையும் மறுபடி சரிபாருங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் கேட்டால், அது மேட் தந்ததுதான்.