ரயில் வளர்த்த ஊர்: தனுஷ்கோடி தரும் பாடம்

ஓர் ஊர் எதனால் வளர்கிறது, எதனால் தேய்கிறது என்பதை ஆராய்வது ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர் அனைவருக்கும் இன்றியமையாத கல்வியாகும். ஆற்றுவளத்தால் வளர்ந்த ஊர்கள் உண்டு. கோயிலால் வளர்ந்தவை உண்டு. சந்தையால் வளர்ந்தவையும் உண்டு. இருப்புப் பாதையால் வளர்ந்த ஊர்களும் நம் மாநிலத்தில் பல உள்ளன. அவற்றுள் இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள தனுஷ்கோடியின் வரலாறு, ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வூர் புயலில் அழிந்த செய்தியை யாவரும் அறிவர். அது எவ்வாறு எழுந்தது, அழிந்தபின் அங்கு எஞ்சியவர் யாவர், அவர்கள் எஞ்சியது எதனால் என்பனவே நாம் இங்கு ஆராய விரும்புவன.

பாதை வந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலேறினர். இந்நெடிய கடற்பயணத்தைக் குறைக்க விரும்பிய தென்னிந்திய ரயில்வேயினர், இராமேசுவரம் தீவின் வழியே இலங்கையை அணுகத் திட்டமிட்டனர். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் 30 கிலோமீட்டருக்கும் குறைவானதே. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மண்டபத்திலிருந்து கடலைக் கடந்து தீவில் இறங்கிய பாதை, பாம்பனில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை இராமேசுவரத்திற்கும், மற்றொன்று தனுஷ்கோடித் துறைமுகத்திற்கும் சென்றது.

அதுகாறும் சேதுத் தீர்த்தமாட வந்த யாத்திரிகரும் மீனவருமே அறிந்திருந்த மணல்முனை, இரு நாடுகளை இணைக்கும் வாயிலாயிற்று. மக்கள் ‘போட் மெயில்’ என வழங்கிய வண்டி சென்னையிலிருந்து அங்கு வந்து நிற்கும். பிரயாணிகள் நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கு மீண்டும் ரயிலேறிக் கொழும்பை அடைவர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற உழைப்பாளிகள் பலரும் இவ்வழியே சென்றனர். மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, நோய்ச் சோதனை செய்த பின்னரே அனுப்புவது வழக்கம். ஆகவே, நம் உள்நாட்டுக் கிராமங்கள் பலவற்றின் குடும்ப வரலாறும் இப்பாதையோடு பிணைந்துள்ளது.

ரயிலை ஒட்டி ஓர் ஊர் எழுந்தது. நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், பள்ளி, மருத்துவமனை, மாதா கோயில், ஊழியர் குடியிருப்பு யாவும் தோன்றின. எனினும் ஒன்றை நாம் கருதவேண்டும். ரயில்வே ஊழியர், சுங்க அலுவலர், சுமை தூக்குவோர், கடைக்காரர், விடுதி நடத்துவோர் ஆகியோரின் பிழைப்பு, வண்டியும் கப்பலும் நாள்தோறும் வருவதையே பொறுத்திருந்தது. கயிறு ஒன்றே, அதில் தொங்கியவை பல.

ஓரிரவில் நேர்ந்தது

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடும் புயல் தீவைத் தாக்கியது. பேரலைகள் மணல்முனையை மூழ்கடித்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி, தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில், உள்ளிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. நிலையமும் துறைமுகமும் தெருக்களும் அழிந்தன. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களிற் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டது.

பின்னர் நடந்ததே நம் கவனத்திற்கு உரியது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டு, இராமேசுவரத்திற்கு மீண்டும் ரயில் ஓடியது. தனுஷ்கோடிக் கிளையோ மீண்டும் அமைக்கப்படவில்லை. கப்பற் போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாறி, 1980களில் இலங்கைப் போர்ச்சூழலில் அதுவும் நின்றது. அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்ந்த மணல்திட்டில் மீண்டும் ஒரு நகரை எழுப்புவது அறிவுடைமையன்று என்பதை எவரும் மறுக்கவியலாது.

எஞ்சியவர் யாவர்?

அலுவலகங்களை நம்பி வாழ்ந்தோர் அவற்றோடு நீங்கினர். மீனவக் குடும்பங்கள் சில திரும்பி வந்தன. அவர்களின் வழியினர் இன்றும் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றனர். அவர்களை அங்கு நிறுத்தியவை இரண்டு.

முதலாவது, தொழிலறிவு. தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை அவர்கள் ஆண்கடல் என்பர். வடக்கேயுள்ள பாக் கடலைப் பெண்கடல் என்பர். தென்மேற்குக் காற்றில் ஒன்று சீறும்போது மற்றொன்று அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் நிலைமை மாறும். இரு கடலுக்கும் நடுவே வாழ்வோர், ஒருபுறம் இயலாதபோது மறுபுறம் வலை வீசலாம். ஓராண்டில் இரு போகம் காணும் உழவர் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

இரண்டாவது, நீரறிவு. அம்மணலில் சில அடி ஆழத்தில் ஊற்றுத் தோண்டினால் நன்னீர் கிடைக்கும். மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரினும் எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து தங்குகிறது. அளவாக இறைத்தால் ஊறும். ஆழத் தோண்டினாலோ, மிகுதியாக இறைத்தாலோ அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். பெண்கள் சிறு பாத்திரத்தால் பொறுமையாக மொண்டு குடம் நிரப்புவது இதனாலேயே. கடலோர வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வைத்து, தோப்பும் வயலும் உப்புப் பூக்கக் காண்போர் இவ்வூற்றிடம் பாடம் கேட்கலாம்.

ஆயினும் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. ‘வாழத் தகுதியற்ற இடம்’ என்ற ஏட்டுக்குறிப்பு, வாழ்ந்துகொண்டிருந்தோரையும் மறைத்துவிட்டது. நெடுங்காலம் மின்கம்பியும் குழாய்நீரும் சாலையும் அவர்களை எட்டவில்லை. நோயாளியாயினும் கருவுற்ற பெண்ணாயினும் மணலையும் கழிநீரையும் கடந்தே மருத்துவம் தேடவேண்டியிருந்தது. நிலையான கட்டடம் கூடாது என்பது ஒன்று. அங்குள்ள குழந்தைக்குக் குடிநீரும் கல்வியும் வேண்டும் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நல்ல நிர்வாகம்.

இன்றைய நிலை

1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப்பாலம் திறக்கப்பட்டபோதுதான், தீவு ரயில் ஒன்றையே நம்பியிருந்த நிலை மாறியது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குப் புதிய ரயில்பாதை அமைக்க 2019ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டி இன்னும் ஓடவில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம், இராமேசுவரத்திற்கு ரயிலை மீண்டும் கொணர்ந்துள்ளது. அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மறுகரையில், போரினால் 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சாலை வந்தபின் பார்வையாளர் திரள்கின்றனர். சங்கும் சிப்பியும் மீனும் விற்போருக்கு வருவாய் உண்டு. ஆனால் பார்வையாளர் கூட்டமும் ஒரு கயிறேயாகும். அதை மட்டும் பற்றி வலையையும் ஊற்றையும் கைவிட்டால், பழைய தவறே புதிய உருவில் வரும். கடற்கரையிற் குவியும் குப்பை, ஊற்றையும் வலையையும் ஒருங்கே கெடுக்கும்.

நாம் கொள்ளவேண்டியவை

ரயில் நிலையமும் நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் ஊருக்கு நன்மையே. எனினும் அவை நின்றாலும் ஊர் நிற்குமாறு செய்வது ஊராட்சியின் கடமை. உறுப்பினர்கள் தம் அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றை ஆராய்வார்களாக.

1. நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் ஒரே வருவாய் வழியை நம்பியுள்ளன? அவ்வழி அடைபட்டால் அவற்றிற்கு வேறு தொழில் யாது?

2. நம் எல்லைக்குள் வாழ்ந்தும் ஏட்டில் ஏறாத குடும்பங்கள் உண்டா? இருப்பின் அவற்றைக் கணக்கில் கொணர்ந்தோமா?

3. புயலோ வெள்ளமோ வரின், எச்சரிக்கையை ஊரின் கடைசிக் குடிசைக்கும் கொண்டு செல்பவர் யார்? மக்கள் வெளியேற இரண்டாவது வழி உண்டா?

4. நம் நிலத்தடி நீரை ஊறும் அளவிற்கு இறைக்கிறோமா, அதனினும் மிகுதியாகவா?

இவ்வினாக்களுக்கு விடை எழுதி வைத்துள்ள ஊராட்சி, எந்தப் பாதை வந்தாலும் பயன்பெறும். எந்தப் பாதை போனாலும் நிலைகுலையாது.