ஜப்பானிய கிளையண்டோடு லன்ச்சா? சத்தம் போடலாம், இடம் பார்த்து!

கல்யாணில் ஃபாஸ்ட் லோக்கல் பிடித்து, குர்லாவில் இறங்கி, ஆட்டோவில் பி.கே.சி. (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) போகிறவரா நீங்கள்? 508 கி.மீ. மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் அங்கிருந்துதான் புறப்படப் போகிறது. ஜப்பானின் ஷின்கான்சென் டெக்னாலஜி, ஜப்பான் அரசு நிறுவனமான ஜைக்காவின் கடன். பேங்கோ இன்ஜினியரிங்கோ, ஜப்பானியரோடு ஒரே மேஜையில் சாப்பிடும் நாள் வரும். ரெஸ்யூமே சமமாக உள்ள இருவரில் யாரைக் கிளையண்ட் முன் உட்கார வைக்கலாம் என்று மேனேஜர் கணக்குப் போடுவது அந்த மேஜையை வைத்துத்தான்.

1. ராமென், சோபா, உதோன் மூன்றையும் 'சர்'ரென்று உறிஞ்சலாம். நூடுல்ஸோடு காற்றும் உள்ளே போவதால் சூடு தணியும், மணம் மூக்குக்கு ஏறும். மாட்டுங்கா மெஸ்ஸில் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சியவருக்கு இது புரியும். அதற்காக வலிந்து சத்தம் எழுப்பாதீர்கள், நடிப்பு உடனே தெரிந்துவிடும். அமைதியாகச் சாப்பிட்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. 2016-இல் ஜப்பானிலேயே இந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவா என்று 'நூ-ஹாரா' (நூடுல் ஹராஸ்மென்ட்) என்ற பெயரில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது.

2. பாஸ்தா, க்ரீம் சூப், சோறு: சத்தமே கூடாது.

3. மிசோ சூப்புக்கு ஸ்பூன் கேட்காதீர்கள். கிண்ணத்தைக் கையில் எடுத்து, விளிம்பில் வாய் வைத்துக் குடியுங்கள். டோஃபுவைச் சாப்ஸ்டிக்கால் எடுக்கலாம். ராமென் கிண்ணம் பெரியது, மேஜையிலேயே இருக்கட்டும். அதன் சூப்புக்கு ஸ்பூன் தருவார்கள்.

4. உறிஞ்சலைவிட ஆபத்தானது சாப்ஸ்டிக். ஒரு லன்ச்சில் நம் பையன் ஒருவன் போன் எடுப்பதற்காக இரண்டு குச்சிகளையும் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தான். எதிரே இருந்த பெரியவர் பேச்சை நிறுத்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் குச்சிகளை மெதுவாகத் தாங்கியின் மேல் படுக்க வைத்துக் காட்டினார். செத்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் ஜப்பானில் அப்படிக் குத்துவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு கைமாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

பயிற்சிக்குப் பெரிய ஓட்டல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு டாப் ராமென் பாக்கெட்டும் ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கும் போதும். சட்டையில் துளி தெறிக்காமல் கிண்ணம் காலியாகும் வரை பழகுங்கள். கிளையண்டோடு சாப்பிடத் தொடங்கும்போது 'இததாகிமாஸ்', முடிந்ததும் 'கொச்சிசோசாமா தேஷ்தா' என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வார்த்தைக்கு அவர்கள் முகம் மலரும்.

சைவர்களே, நீங்கள் கூடுதல் கவனமாக இருங்கள். காய்கறி ராமெனிலும் மிசோ சூப்பிலும்கூட 'தாஷி' என்ற சாறு இருக்கலாம். பெரும்பாலும் அது காய்ந்த சூரை மீனில் எடுத்தது; நம் மாசிக் கருவாட்டுக்கு உறவு. மேஜையில் உட்கார்ந்த பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்தால் அழைத்தவருக்குச் சங்கடம். முந்தின நாளே மெயில் போட்டுவிடுங்கள்.