முக்குகிறானா, அடக்குகிறானா?

ராயப்பேட்டை ஜாம் பஜார் பக்கத்து வீடு ஒன்றில் நாலு வயதுப் பையன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கிறான். தொடை இரண்டும் இறுகிப் பின்னியிருக்கின்றன, முகமெல்லாம் சிவப்பு. "பாவம், எவ்வளவு முக்குறான், வர மாட்டேங்குது" என்கிறார் பாட்டி. அவன் முக்கவில்லை பாட்டி, அடக்குகிறான். போன வாரம் கல்லாட்டம் வந்து கிழித்த வலி அவனுக்கு மறக்கவில்லை. அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். குழந்தைகளின் நாள்பட்ட மலச்சிக்கலில் 100க்கு 90க்கு மேல் இந்தக் கதைதான். குடலில் வேறு கோளாறு இருக்காது.

"மருந்து பழகிடும், அப்புறம் அது இல்லாம போகவே மாட்டான்." இந்த ஒரு பயம் கெடுக்கிற அளவுக்கு வேறெதுவும் வைத்தியத்தைக் கெடுப்பதில்லை. 2018இல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் முதலிடம் தருவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடருக்கு. ஒரு வயதுக்குள் என்றால் பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப். இரண்டும் குடலைச் சாட்டையால் அடித்து விரட்டுவதில்லை. மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்து இளக்குகின்றன, அவ்வளவே. முதல் சில நாள், டாக்டர் சொல்லும் கூடுதல் அளவில், உள்ளே அடைத்திருப்பதை வெளியேற்ற வேண்டும். பிறகு தினசரி அளவு, குறைந்தது இரண்டு மாதம். பல குழந்தைகளுக்கு இன்னும் நீளும். விரிந்து தொய்ந்த மலக்குடல் சுருங்க வேண்டும், 'வருது' என்ற உணர்வு திரும்ப வேண்டும், பயம் போக வேண்டும். "நாலு நாள் நல்லா போனான், நிறுத்திட்டோம்" என்றால் அடுத்த மாதம் மறுபடி கட்டில் காலருகேதான் நிற்பான். நிறுத்துவதும் படிப்படியாகத்தான்.

"ஜட்டியெல்லாம் கறை, பேதி போல." சில சமயம் அது நேர் எதிர். அடைத்து நிற்கும் கெட்டி மலத்தைச் சுற்றி இளகியது கசிகிறது; அவனுக்கே தெரியாது. இதற்குப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு கூடும். திட்டினால் அவமானம்தான் மிச்சம்.

ஆசனவாயில் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே புண்ணான இடம், பயம் இரட்டிப்பாகும். அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவது இன்னும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

வாழைப்பழம்? கொடுங்கள், ஜாம் பஜார் கொய்யாவும் கீரையும் கூட. ஆனால் அடைத்துக் கிடப்பதைப் பழம் மட்டும் தள்ளிவிடாது. பாலைக் கவனியுங்கள்: நாளுக்கு நாலு டம்ளர் குடிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமேது? காலையிலும் இரவிலும் சாப்பிட்டு முடித்ததும் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். குடல் தானே அசையும் நேரம் அது. ஃபிளாட் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கும், ஒரு முக்காலி போடுங்கள். பள்ளி டாய்லெட்டுக்குப் பயந்து அடக்குகிறானா என்று மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சைக் குழந்தை வாரம் ஒருமுறை போனாலும், மலம் இளகலாக இருந்து நன்றாகப் பால் குடித்து எடை ஏறினால், அது மலச்சிக்கல் அல்ல.

ஆனால் பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் கருமலம் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, பச்சையாக வாந்தி என்றால் கதை வேறு. 1886இல் டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் விவரித்த நோயாக இருக்கலாம். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இருக்காது, ஆபரேஷன்தான் வழி. அப்போது காம்பும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம். பக்கத்தில்தான் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, அப்போதே கிளம்புங்கள்.