கறளின் நிறத்தைப் பார்க்காதீர்கள், ஆழத்தைப் பாருங்கள்



2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொட்டில் மூலையில் கிடந்த பழைய மொரிஸ் மைனரையும் லேண்ட் ரோவரையும் தூசு தட்டி எடுத்தவர்கள் பலர். அவற்றுக்கு வேண்டிய சாமானை முந்தி கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், கையால் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்குவோம். இப்போது போனில் படம் பார்க்கிறோம், வங்கியில் காசு போடுகிறோம், கூரியரில் வருகிறது.

சண்டை பிறப்பது அங்கேதான். வாங்கியவர் “முழுக்கக் கறள்” என்கிறார். விற்றவர் “பழைய சாமானென்றால் கொஞ்சம் கறள் இருக்கும்தானே” என்கிறார். பெரும்பாலும் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. கறள் எவ்வளவு ஆழம் என்று காசு கைமாறும் முன்னர் ஒருவரும் பேசவில்லை. அந்தப் பேச்சை முதலில் பேசி முடியுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் உச்சமுனைத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புத் தண்ணீர். சோளகம் எழும்பினால் படகு மோட்டார், நங்கூரம், கூரைத் தகரம் ஒன்றும் தப்பாது. கறளோடு வளர்ந்த நமக்கு அதைப் படித்துப் பார்க்கத் தெரியும். காசு கொடுக்கும்போதும் அந்த அறிவைப் பாவியுங்கள்.

1. கறளை மூன்றாகப் பிரியுங்கள்

முதலாவது மேற்கறள். செம்மஞ்சள் நிறம், மாவு போலிருக்கும். எண்ணெய் தோய்த்த துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். பெயின்ற் இல்லாத கடைந்த முகங்களில், அதாவது பிரேக் ட்ரம்மின் உட்புறம், ஃப்ளைவீலின் முகம் போன்றவற்றில், ஈரக்காற்று பட்டால் ஓர் இரவிலேயே வந்துவிடும். இதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

இரண்டாவது குழிக்கறள். நிறம் கரும் பழுப்பு. கம்பித் தூரிகை போட்ட பிறகும் புள்ளிப் புள்ளியாகக் குழி தெரியும். நகத்தை இழுத்தால் சிக்கும். மட்கார்டில் இது இருந்தால் சமாளிக்கலாம். பிரேக் சிலிண்டருக்குள் இருந்தால் ரப்பர் சீல் உட்காராது, ஒயில் கசியும், பிரேக் கைவிடும். அந்தச் சாமான் சும்மா தந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது தின்ற கறள். செதில் செதிலாகக் கழலும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். கறளாக மாறிய இரும்பு முன்னையதை விட அதிக இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்பளிக்கிறது, இரண்டு தகடு சேரும் இடம் உப்புகிறது. வெளியே ஒரு ரூபாய்க் குற்றியளவு கொப்பளம் தெரிந்தால், அடியில் அதைவிடப் பெரிய இடம் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. விற்பவர் காட்டாத பக்கத்தைக் கேளுங்கள்

என் தம்பி ஒரு பம்பர் வாங்கினான். படத்தில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பிரித்துப் பின்பக்கம் திருப்பினால், போல்ட் துளையைச் சுற்றியிருந்த இரும்பு விரல் பட்டதும் உதிர்ந்தது. குரோம் மிக மெல்லிய பூச்சு, அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழேதான் இரும்பு. பின்பக்கம் பூச்சு மெல்லியது, சேறும் தண்ணீரும் தங்குவதும் அங்கேதான்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்:

- பின்பக்கம், அடிப்பக்கம், போல்ட் துளைகள், வெல்டிங் விளிம்புகள் ஆகியவற்றின் கிட்டப்படம். பக்கத்தில் அளவு நாடா வைத்து, பகல் வெளிச்சத்தில்.
- சிறு சுத்தியலால் தட்டுகிற வீடியோ. நல்ல தகடு கணீரென்று கேட்கும். தின்ற தகடும் புட்டி அப்பிய தகடும் மந்தமாகக் கேட்கும்.
- காந்தம் வைக்கிற வீடியோ. புட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.
- பெற்றோல் டாங்கி என்றால் உள்ளே டோர்ச் அடித்து எடுத்த படம்.

புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்த சேசியையும், ஒயில் பூசிப் படமெடுத்த சாமானையும் கண்டால், அதன் கீழே என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நேர்மையான வியாபாரிக்கு அந்தக் கேள்வியில் கோபம் வராது.

3. வண்டிக்கு வண்டி கறளின் இடம் வேறு

“லேண்ட் ரோவர் கறள் பிடிக்காது” என்பது பாதி உண்மை. 1948இல் அது வந்தபோது, உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். சேசியும் முன்தடுப்புச் சுவரும் உருக்குத்தான். பின் குறுக்குச் சட்டம், சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், கால் வைக்கும் குழி ஆகிய மூன்றையும் பார்க்காமல் காசு போடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் வெள்ளைத் தூள் கிளம்பியிருந்தால் அதுவும் அரிப்புத்தான். உப்புக்காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

மொரிஸ் மைனரும் 1948இல் வந்ததே. அதில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், ஜாக் வைக்கும் இடம், தரைத் தகடு ஆகியவற்றைப் பாருங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால்மாட்டில், சேசிக் காலுக்குள்ளேயே இருக்கிறது. ஈரம் தங்கும் இடமென்பதால், பழைய மாஸ்டர் சிலிண்டரை உட்சுவர் பாராமல் வாங்கக் கூடாது.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல விஷயம். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வேயார், 1990களில் இலங்கைப் பங்காளியோடு டியூரபிள் கார் கம்பனியைத் தொடங்கி, மைனருக்கான தகடுகளை இந்த நாட்டிலேயே செய்வித்தார். மைனருக்குப் புதுத் தகடு செய்வது முடியாத காரியமல்ல. தின்ற பழைய தகட்டுக்குப் பெரிய விலை கேட்டால், புதிது எங்கே கிடைக்கும், நல்ல டிங்கர் பாஸ் ஒருவர் அடித்துத் தர எவ்வளவு கேட்பார் என்று முதலில் விசாரியுங்கள்.

4. போனில் பேசியதை மெசேஜில் உறுதி செய்யுங்கள்

பேசி முடித்ததும் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்:

“அண்ணா, நீங்கள் சொன்னபடி: மேற்கறள் மட்டும். துளை இல்லை, புட்டி இல்லை, வெல்டிங் பண்ணவில்லை. இதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுத்துக் காசு தருவீர்கள். அனுப்புகிற கூலி உங்களுடையது. சரியென்றால் ‘சரி’ என்று போடுங்கள், இப்போதே காசு போடுகிறேன்.”

அந்த ஒரு ‘சரி’ உங்களுக்குப் பெரிய பலம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் உள்ளது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது. விளம்பரம் பிறகு அழிந்துவிடலாம், அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

5. கற்பிட்டியிலேயே பிரியுங்கள்

தீவுக்காரரான நமக்கென்றே உள்ள யோசனை இது. பார்சலை அப்படியே படகில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், விற்றவர் ஒரே வசனத்தில் தப்பிவிடுவார்: “அது உங்கட கடல்தண்ணி பட்டு வந்த கறள்.” படகில் அலை தெறிப்பது உண்மைதானே, மறுத்துப் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கற்பிட்டியில் கூரியரிடம் வாங்கிய இடத்திலேயே, ஒட்டிய டேப் முழுதாக இருக்கும்போதே வீடியோவைத் தொடங்குங்கள். பெட்டியின் முகவரிச் சீட்டு, டேப் வெட்டுவது, சாமானை நாலாபக்கமும் திருப்புவது எல்லாம் நிறுத்தாமல் ஒரே வீடியோவில் வரட்டும். கறள் தெரிந்தால் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து அதையும் எடுங்கள். துடைத்ததும் போனால் வழியில் வந்த மேற்கறள். குழியும் செதிலும் நின்றால் அது பல மாதங்கள், வருடங்கள் தின்றது. ஒரு படகுப் பயணம் குழி பறிக்காது, எந்த மெக்கானிக்கும் அதைச் சொல்வார்.

எல்லாம் சரியென்றால் ஒயிலோ கிறீஸோ பூசி, பொலித்தீன் சுற்றிப் படகில் ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பு பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மறுபடி பூசி வையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதைக் கழுவாமல் மேலே பெயின்ற் அடித்தால் கறளை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

6. சண்டை வந்துவிட்டால்

அன்றே எழுதுங்கள். நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். சாமானைப் பூட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், பெயின்ற் அடிக்காதீர்கள். கை வைத்தால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும்.

வசை வேண்டாம். படத்தையும் அவர் போட்ட ‘சரி’யையும் அனுப்பி, இரண்டு வழி கொடுங்கள்: திருப்பி எடுத்து முழுக் காசு, அல்லது வெல்டிங் செய்யக் கராஜ் சொன்ன தொகையைக் கழித்து மீதிக்குச் சம்மதம். ஆத்திரத்தில் பேஸ்புக்கில் போட்டுக் கிழித்தால் மனம் ஆறலாம், காசு திரும்பி வராது.

விற்றவர் வியாபாரியென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். எழுத்துமூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தனி ஆளென்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்கறிஞர் செலவில்லாமல் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதற்காக, 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது அது.

7. நீங்களே விற்கும்போது

கழற்றிய பழைய சாமானை ஒருநாள் நீங்களும் விற்பீர்கள். அப்போது மோசமான பக்கத்தின் படத்தை முதலாவதாகப் போடுங்கள். “இந்த மூலையில் துளை, வெல்டிங் வேண்டும்” என்று எழுதி அதற்கேற்ற விலை வையுங்கள். துளையுள்ள மட்கார்டைத் தெரிந்தே வாங்குகிறவர் இருக்கிறார், அவருக்கு மற்றப் பாதிதான் தேவையாக இருக்கும். உங்களுக்குச் சொன்னபடி நல்ல சாமான் வந்தால், அதையும் அன்றே விற்றவருக்கு எழுதுங்கள், நண்பர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள். உண்மை சொல்லி விற்கிறவருக்கு வியாபாரம் கூடினால்தான் மற்றவர்களும் அந்த வழிக்கு வருவார்கள்.