அமைதி வேறு, சோம்பல் வேறு

ஒருவர் சும்மா இருக்கிறார் என்றால், அவர் பொழுதை வீணாக்குகிறார் என்றே உலகோர் பொருள் கொள்வர். நம் அறநெறியிலோ அசைவற்றிருத்தலும் முயன்று பயில வேண்டிய ஒழுக்கமாகும். இவ்விரண்டின் வேறுபாட்டை இங்குச் சிந்திப்போம்.

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை மலைப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. பால்வெட்டும் தொழிலாளர் வெயில் ஏறுமுன்பே மரப்பட்டையைச் சாய்வாகச் சீவிவிடுவர். பின்னர்ப் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடியும். அதனை விரைவுபடுத்த இயலாது. ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். ஆகவே காத்திருக்கும் நேரமும் அத்தொழிலின் ஒரு பகுதியே. அப்போது கை ஓய்ந்திருக்கும். மழை வந்து பாலைக் கெடுத்துவிடாதபடி கருத்து விழித்திருக்கும்.

இல்லறத்தார்க்குரிய நான்கு சிக்ஷாவிரதங்களுள் ஒன்றாகிய சாமாயிகமும் இத்தகைய விழிப்புடைய இருப்பேயாகும். மனம், சொல், உடல் ஆகிய மூன்றின் அசைவால் வினை உயிரிடம் ஊறி வருகிறது. அம்மூன்றையும் காத்தல் குப்தி எனப்படும். அதனால் வினையின் வரவு தடைப்படுகிறது, இதுவே செறிப்பு. உறங்குபவனுக்கு இக்காவல் இல்லை. உடல் அமர்ந்திருக்க, மனம் அண்டை வீட்டாரோடு வழக்காடுமாயின் அதுவும் சாமாயிகம் ஆகாது.

இவ்வமைதியைக் கல்லில் காண விரும்புவோர், அதே மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் மலைக்குச் செல்லலாம். முன்னாளில் திருச்சாரணத்துமலை எனப்பட்ட அவ்விடத்தில், முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்களும், நாகப்படத்தின் கீழ் நிற்கும் ஸ்ரீ பார்சுவநாத பகவானும் பாறையில் செதுக்கப்பட்டுள்ளனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கி குறத்தியார் என்னும் பெண்துறவி பகவதியார்க்குப் பொன்னணி அளித்த செய்தியைக் கூறுகிறது. பிற்காலத்தில் அத்தலம் பகவதி கோயிலாயிற்று. துறவியர் மரபும் அங்கு அற்றுப்போயிற்று.

காலம் கொண்டுசென்றதை நம்மால் மீட்க இயலாது. ஆயினும் அவர்கள் அம்மலையில் பயின்ற அமைதி நம் இல்லங்களிலும் அற்றுப்போக வேண்டுவதில்லை. சாமாயிகத்திற்குரிய காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள். தொடக்கத்தில் அரை நாழிகையேனும் தொலைக்காட்சியை நிறுத்தி, கைப்பேசியை அப்பால் வைத்து, வீட்டார் அனைவரும் சேர்ந்து அமர்வோமாக. எண்ணம் ஓடினால் சினவாமல் மீண்டும் அழைத்து வருவோம். நாளடைவில் காலம் தானே நீளும். பிள்ளைகளும் நாம் அமர்ந்திருப்பதைக் கண்டே அமரக் கற்பர்.