மூளைக்குப் புதிய கலங்கள் - எங்கிருந்து?

கை நடுங்கும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது. நடக்க எழுந்தால் கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் விபரித்து எழுதிய இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நடுமூளையில் டொபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் அழிந்துபோவதே இதன் காரணம். தோல் கிழிந்தால் புதுத்தோல் வளரும். இக்கலங்களோ மீண்டும் முளைப்பதில்லை. வில்லைகள் நடுக்கத்தைக் குறைக்கும், அழிவை நிறுத்தா.

அப்படியானால் நாற்று நடுவது போலப் புதிய கலங்களை மூளையில் நட்டால் என்ன? சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 1987இல் அதைத்தான் செய்தார்கள். நடப்பட்டவை, கருக்கலைப்புச் செய்யப்பட்ட சிசுக்களின் மூளையிலிருந்து எடுத்த கலங்கள். நோயாளர் சிலர் தேறினர். பின்னர் அமெரிக்காவில் நடந்த இரு ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சிலருக்குக் கட்டுக்கடங்காத உடல் அசைவுகளும் ஏற்பட்டன.

அதே 1987இல் திருச்சபை 'தோனும் வீத்தே' என்னும் போதனையை வெளியிட்டு, மனிதக் கருவை வெறும் பொருளாகக் கையாளலாகாது என்றது. “கலைக்கப்பட்ட கரு எப்படியும் வீணாகத்தானே போகும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நோயாளிக்கே பல சிசுக்களின் கலங்கள் தேவைப்பட்டன. கருக்கலைப்பு நடக்கும் நாளோடு சத்திரசிகிச்சை நாளைப் பொருத்த வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருப்பவர் அச்செயலுக்கு வெறும் பார்வையாளர் அல்லர்.

வேறு வழி யப்பானில் பிறந்தது. சின்யா யமனாக்கா 2006இல் எலியின் தோற்கலங்களுள் நான்கு பரம்பரையலகுகளைப் புகுத்தி, அவற்றை எவ்வகைக் கலமாகவும் மாறவல்ல மூலக்கலங்களாக்கினார். அடுத்த ஆண்டு மனிதக் கலங்களிலும் அது கைகூடியது. 2012இல் நோபல் பரிசும் கிடைத்தது. இங்கே எந்தக் கருவும் அழிக்கப்படுவதில்லை. வளர்ந்த மனிதரின் உடலிலிருந்து, அவருக்குப் பாரிய தீங்கின்றி மூலக்கலங்களைப் பெறுவது தகும் என 2008இல் வெளிவந்த 'தினித்தாஸ் பெர்சோனே' கூறுகின்றது.

கியோட்டோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் 2018இல் தொடங்கிய ஆய்வில், இவ்வாறு பெறப்பட்ட கலங்கள் ஏழு நோயாளரின் மூளையில் வைக்கப்பட்டன. முற்றிய நரம்புக்கலங்கள் நட்டால் பிழைப்பது அரிது. ஆகவே அந்நிலையை நோக்கிப் பாதிவழி வந்த இளங்கலங்களையே நட்டனர். 2025இல் முடிவு வெளியாயிற்று. பாரதூரமான தீங்கு எதுவும் நேரவில்லை. பலன் அளவிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தின் வேகம் தணிந்த வேளையிலும் உடலசைவு முன்னேறியிருந்தது.

ஏழு பேர் என்பது சிறு தொகை. இதற்குள் 'மூலக்கல ஊசி' என்று விளம்பரம் செய்து பெரும் பணம் கேட்கும் தனியார் நிலையங்கள் சில நாடுகளில் முளைத்துவிட்டன. காணியை ஈடுவைக்குமுன் வைத்தியரிடம் இரண்டைக் கேளுங்கள்: இக்கலம் யாரிடமிருந்து, எவ்வாறு எடுக்கப்பட்டது? இம்முறை எத்தனை பேரில், எங்கே சோதிக்கப்பட்டது? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்காக உங்கள்மீது கோபிக்கமாட்டார்.