கூரையைப் பிரித்த நால்வர்

வேதபாடம்: மாற்கு 2:1-12

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமான பங்காளர்களே,

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரரைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நால்வரை நாம் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே அறிவோம். இம்மாதம் அந்தப் பகுதியை ஒரு புதிய சிகிச்சையின் பக்கத்தில் வைத்துப் படிப்போம். உங்களில் சிலர் கார்-டி செல் சிகிச்சையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "மூளைக்குப் பரவிய புற்றுநோயும் இதனால் குணமாகுமா? நம் மலைமக்களுக்கு இது கிடைக்குமா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

நாங்கள் அடைத்த வாசல்

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2018-ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் கொண்டுவரப்பட்டார். முந்தின ஆண்டு கழுத்தில் நெறி கட்டி, அது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை பெற்றிருந்தார். இப்போது தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல். நோய் மூளைக்குப் பரவிவிட்டதென்று ஸ்கேன் காட்டியது. அன்று மாலை, மருத்துவர் பேசுவதற்கு முன்பே, அவருடைய மனைவியிடம், "தலைக்கு ஏறிவிட்டதம்மா, இனி ஜெபம் ஒன்றுதான்" என்று சொன்னது நாங்கள்தான். ஆறுதல் சொல்வதாக எண்ணி வாசலை அடைத்துவிட்டோம்.

அவருடைய மைத்துனரும், உடன் வேலை செய்த மூவரும் அதை ஏற்கவில்லை. நம் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, ஜீப் பிடித்து, சமவெளியிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். மெத்தோட்ரெக்சேட் என்பது பழைய மருந்துதான். அதை மிக அதிக அளவில் ஏற்றினால் மூளைக்குள்ளும் செல்லும். அதைக் கொடுத்தார்கள். அவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மகள் பிளஸ் டூ தேறியதைக் கண்டார். பின்பு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்ததும் அந்த மைத்துனரின் கையைப் பிடித்து நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

மூளையின் சோதனைச் சாவடி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிறவர்களுக்குப் பர்லியார் சோதனைச் சாவடி தெரியும். வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே விடுவார்கள். நம் மூளைக்கும் தேவன் இப்படியொரு காவலை வைத்திருக்கிறார். மூளைக்குச் செல்லும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், விஷமும் கிருமியும் எளிதில் உள்ளே போவதில்லை. ஆனால் அதே காவல் பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட நோய், அந்தச் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்துகொள்கிறது.

சொந்த வீரர்கள்

நம் ரத்தத்தில் டி செல்கள் என்னும் போர்வீரர்கள் உண்டு. லிம்போமா நம் சொந்த உடலின் செல்லிலிருந்தே தோன்றுவதால், அதைப் பகைவன் என்று அவை பல வேளைகளில் கண்டுகொள்வதில்லை. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் ரத்தத்திலிருந்து அந்த டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலமாக அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன்பின், புற்றுநோய்ச் செல்லின்மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தை அவை கண்டுகொள்கின்றன. பிறகு அவற்றைப் பெருக்கி, நோயாளிக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். டி செல்கள் மூளையின் சாவடியையும் கடக்கக்கூடியவை. நம்பிக்கைக்கு இடம் அங்கேதான்.

ஆபத்தும் உண்டு. கடும் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் குறையும், சிலருக்கு மனக்குழப்பமும் பேச்சுத் தடுமாற்றமும் வரும். ஆகவே செவிலியர்கள் தினமும் நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்றைய கையெழுத்து இன்று கோணினால், உடனே மருத்துவரை அழைப்பார்கள். 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய்க்காக இச்சிகிச்சை தந்தபோது, காய்ச்சல் அவளைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த டாக்டர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்தது. அதனால் அவர் அறிந்திருந்த மூட்டுவாத மருந்து ஒன்றே சிறுமியைக் காப்பாற்றியது.

மூளையில் நோய் உள்ளவர்களை ஆரம்பகால ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் சேர்க்கவில்லை. வீக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சம். 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒருவருடைய மூளைக் கட்டி இச்சிகிச்சையால் மறைந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். 2019-இல் அதே நகரிலிருந்து, மூளைக்குப் பரவிய லிம்போமா உள்ள 8 பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. அஞ்சிய அளவுக்கு மூளைப் பாதிப்பு வரவில்லை. சிலருக்கு நோய் பின்வாங்கியது. ஆயினும் எல்லாருக்கும் பலன் கிடைக்கவில்லை. பலன் கண்டவர்களிலும் பலருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது: வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அது இன்னும் ஒடுக்கமான வாசல்.

நம் நாட்டில்

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அரசு அனுமதி அளித்தது. அமெரிக்காவில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகும் சிகிச்சை, இங்கே முப்பது, நாற்பது லட்சத்துக்கு வந்தது. 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, டி செல்களைத் தன் வளாகத்திலேயே ஏறத்தாழ 9 நாட்களில் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரைதான். தோட்டக் கூலியை நம்பி வாழும் வீட்டுக்கு மீதித் தொகை எட்டாத உயரம்.

வேதம் நமக்குக் கற்பிப்பது

1. வாசல் அடைபட்டால் வேறு வழி தேட வேண்டும். மழையில் மண் சரிந்து குன்னூர்ப் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாக ஏறுகிறோம் அல்லவா? அந்த நால்வரும் கூட்டத்தைக் கண்டு திரும்பிப் போகவில்லை. ஜெபமா மருந்தா என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். கூரையைப் பிரித்த அந்தக் கைகளின் உழைப்பில்தான் இயேசு விசுவாசத்தைக் கண்டார்.

2. நோயாளி தானாக வர முடியாது, ஒருவர் சுமக்க வேண்டும். நம் சிறிய மருத்துவமனையில் கார்-டி சிகிச்சை கிடையாது. ஆனால் சுமப்பது நம்மால் கூடும். வலியில்லாத நெறிக்கட்டு, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை காசநோயிலும் வரும், லிம்போமாவிலும் வரும். சதைப் பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கி நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, பேருந்துச் செலவும் தங்கும் செலவும் கொடுத்து அனுப்புவதற்கு உங்கள் காணிக்கை உதவுகிறது. கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்திருப்பது உங்கள் கைதான்.

3. இயேசு அந்த மனிதருக்கு முதலில் கொடுத்தது பாவமன்னிப்பு. நடக்கும் கால்களை அதற்குப் பின்பே கொடுத்தார். அந்தத் திமிர்வாதக்காரரும் பின்னொரு நாளில் மரித்திருப்பார். அதனால் அவரைச் சுமந்தது வீணாகிவிடுமா? நம் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளும் வீணல்ல. புதிய சிகிச்சை கிடைக்காதவருக்கும், கிடைத்தும் பலிக்காதவருக்கும் வலி தணிக்கும் மருந்தும் பக்கத்தில் உட்கார ஒருவரும் வேண்டும். அதுவும் சுமப்பதுதான்.

சிந்திக்க

பிறருடைய காரியத்தில் "இனி ஒன்றுமில்லை" என்று அவசரப்பட்டுச் சொன்னதுண்டா? உங்கள் சபையில் இன்று கட்டிலில் காத்திருப்பவர் யார்? அவரைச் சுமக்க இன்னும் எத்தனை கைகள் தேவை?

ஜெபிக்க

இச்சிகிச்சையின் விலை ஏழைகளுக்கு எட்டும்படியாகவும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காகவும், மலைப்பாதையில் நோயாளிகளைக் கொண்டுசெல்லும் ஓட்டுநர்களுக்காகவும் ஜெபியுங்கள். உண்மையையும் நம்பிக்கையையும் சேர்த்துப் பேசும் நாவை எங்களுக்குத் தரும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர், பர்லியார்